அந்த 1,200 பவுண்டை அப்பா கட்டவில்லை
பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரிப் பதவிகள் விலைக்கு விற்கப்பட்ட காலம் அது. திறமையால் உயர்ந்தவர் என்று ஓர் அதிகாரியைப் பற்றி எழுதிய கட்டுரை, சிறுவயதில் விக்டோரியா அரசியின் அங்கி நுனியைத் தூக்கிச் சென்ற 'பேஜ் ஆஃப் ஹானர்' என்ற அரண்மனைப் பணியாளான அவருக்கு, கார்ட்ஸ் எனும் அரச காவல் படையில் பதவியை அப்பாதான் விலைக்கு வாங்கித் தந்தார் என்று சொல்வது பொருந்தவில்லை. அரண்மனைப் பணி முடிந்ததும் இந்தப் பையன்களுக்கு கார்ட்ஸில் என்சைன் எனும் தொடக்க அதிகாரிப் பதவி காசில்லாமலே கிடைத்தது. அரசிதழான லண்டன் கெஜட்டின் அறிவிப்பிலேயே 'விலையின்றி' என்று இருக்கும். மற்றவர்களுக்கு அது 1,200 பவுண்டு, சாதாரணக் காலாட்படை ரெஜிமென்டில் 450. கார்ட்ஸ் என்சைனுக்கு ராணுவத்தின் மற்ற இடங்களில் ஒரு படி மேலான லெப்டினன்ட் தகுதி, அதனால்தான் இவ்வளவு விலை. குடும்பத்துக்குச் செலவு அடுத்த படியில்தான் தொடங்கும்: கார்ட்ஸில் லெப்டினன்ட் பதவி 2,050 பவுண்டு, வித்தியாசம் 850-ஐ வைக்க வேண்டும், சட்டத்துக்குப் புறம்பாகக் கைமாறும் தொகை தனி. பணம் புரட்ட முடியாதவனை அவனுக்குப் பின்னால் சேர்ந்தவன் தாண்டிப் போய்விடுவான், எத்தனை திறமை இருந்தாலும். 1871-இல் இந்த விற்பனை ஒழியும்வரை இதுதான் நடைமுறை. திறமையால் உயர்ந்தவர் என்று எழுதும்முன் இந்த இலவசத் தொடக்கத்தைச் சொல்லியிருக்க வேண்டும்.