அலமாரியில் நாலு வருஷம் கிடந்த கொலை

போன ஞாயிறு முழுக்க மழை. அலமாரியின் கீழ்த்தட்டில் கரையான் ஏறியிருக்குமோ என்று கொஞ்ச நாளாகவே ஒரு சந்தேகம். சரி, இன்றைக்குப் பார்த்துவிடுவோம் என்று புத்தகங்களை எல்லாம் தரையில் இறக்கித் துடைக்க உட்கார்ந்தேன். கரையான் இல்லை. ஆனால் இரண்டு தடியான சரித்திர நாவல்களுக்குப் பின்னால், சுவரோடு சுவராக ஒல்லியாக ஒரு புத்தகம் கிடந்தது. ஜப்பானிய எழுத்தாளர் சேய்ஷி யோகொமிசோ எழுதிய துப்பறியும் நாவல், ‘தி ஹொன்ஜின் மர்டர்ஸ்’. பதினோராம் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்த பில் அப்படியே இருந்தது. மை முழுக்கப் பறந்துபோய் வெறும் வெள்ளைத் துண்டாகியிருந்தது. 2021 சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கியது. கொரோனாவால் ஜனவரியில் நடக்காமல் பிப்ரவரி கடைசிக்குத் தள்ளிப்போன வருஷம் என்பதால் நன்றாக நினைவிருக்கிறது.

பதினோராம் பக்கத்தோடு ஏன் நின்றேன் என்பதும் நினைவிருக்கிறது. பெயர்கள். கென்சோ, ரியுஜி, சபுரோ, சுசுகோ, இதோகோ, ரியோசுகே என்று ஒரே குடும்பத்தில் இத்தனை பேர் வரிசையாக வந்து நின்றதும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடியவன்தான். அப்புறம் என்பது நாலு வருஷத்தைத் தாண்டிவிட்டது. இந்த முறை துடைக்க வேண்டிய துணியை மடியில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ராத்திரி ஒரு மணிக்கு முடித்தேன். புத்தகங்கள் இன்னும் தரையில்தான் கிடக்கின்றன. வீட்டில் அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதைத் தனிப் பதிவாக எழுதலாம்.

கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். முடிச்சை அவிழ்க்க மாட்டேன், பயப்படாமல் படிக்கலாம்.

1937 நவம்பர் கடைசி. ஒகயாமா பகுதியில் ஒரு கிராமம். அங்கே இச்சியானகி என்று ஒரு பெரிய வீட்டுக் குடும்பம். ‘ஹொன்ஜின்’ என்பது அவர்களுடைய பழைய பெருமை. எடோ காலத்தில் (1603–1868) சிற்றரசர்கள் தலைநகருக்குப் போகும்போதும் வரும்போதும் வழியில் தங்குவதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட வீடுகள் உண்டு. அவைதான் ஹொன்ஜின். யார் வேண்டுமானாலும் வந்து படுக்கும் சத்திரம் இல்லை. அரசர் தங்கிய வீடு என்பதே பரம்பரைக்கும் போதுமான மிதப்பு. அந்தக் காலம் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, மிதப்பு மட்டும் போகவில்லை. அந்த வீட்டு மூத்த மகன் கென்சோ, படிப்பாளி, நாற்பது வயதை ஒட்டியவர், கட்சுகோ என்ற ஆசிரியையைக் கல்யாணம் செய்துகொள்கிறார். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. பெண் நல்லவள், படித்தவள், கையில் காசும் இருக்கிறது. ஆனால் குத்தகை விவசாயி வம்சம். அவளுடைய அப்பாவும் சித்தப்பாவும் அமெரிக்கா போய்ச் சம்பாதித்துத் திரும்பி வந்து பழத்தோட்டம் போட்டவர்கள். அதெல்லாம் கணக்கில் வராது. இந்த இடத்தில் ஜப்பானியப் பெயர்கள் எனக்கு ஒரு தொல்லையாகவே தெரியவில்லை. இவர்களில் பாதிப் பேரை நான் கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

கல்யாண ராத்திரி. மணமக்களுக்குப் பெரிய வீட்டைத் தள்ளி ஒரு தனிக்கட்டு. (சின்ன வீடு என்று எழுதியிருப்பேன். நம் ஊரில் அர்த்தம் அனர்த்தமாகிவிடும்.) வெளியே பனி கொட்டுகிறது. விடியற்காலையில் ஒரு அலறல், கூடவே யாரோ கோட்டோ வாத்தியத்தின் தந்திகளைத் தாறுமாறாக மீட்டும் சத்தம். கதவை உடைத்துப் போனால் இருவரும் வாளால் வெட்டப்பட்டுக் கிடக்கிறார்கள். கதவுகள் எல்லாம் உள்பக்கம் சாத்தியபடி இருக்கின்றன. கொன்ற வாள் வெளியே, தோட்டத்தில் கல்விளக்குப் பக்கத்தில், பனியில் செங்குத்தாகக் குத்தி நிற்கிறது. சுற்றிலும் பனி வெள்ளையாக, கலையாமல். வெளியே போன காலடித் தடம் ஒன்றுகூட இல்லை.

இங்கே வந்ததும் நான் அந்த வெற்று பில்லைத் திருப்பி வைத்து பென்சிலால் வரைய ஆரம்பித்துவிட்டேன். இங்கே தனிக்கட்டு, இங்கே பெரிய வீடு, இங்கே விளக்கு, வாளுக்கு ஒரு சிலுவைக் குறி. கட்டை விரல் அகலத் தாளில் ஒரு முழு ஜப்பானியத் தோட்டத்தை அடைக்கப் பார்த்தால் எப்படி இருக்கும்? வாள் நின்ற இடத்தை மூன்று தடவை அழித்து மாற்றினேன். அந்தத் துண்டுத் தாளைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். என் வரைபடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அதை வைத்து நான் போட்ட கணக்குத்தான் முழுக்கத் தப்பு.

இன்னொரு விஷயம். கல்யாணத்துக்கு முன்னால், ஊருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு அழுக்கு உடையில் ஒரு ஆள் வருகிறான். ஒரு சாப்பாட்டுக் கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு இச்சியானகி வீட்டுக்கு வழி கேட்கிறான். அவன் கையில் மூன்று விரல்கள்தான். கோட்டோ என்பது தரையில் நீளமாகக் கிடத்தி வாசிக்கும் பதின்மூன்று தந்தி வாத்தியம். வலது கையில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், இந்த மூன்றில் மட்டும் நகம் போன்ற மீட்டிகளை மாட்டிக்கொண்டு வாசிப்பார்கள். மூன்று விரல் ஆள், மூன்று விரல் வாத்தியம். இதை ஆசிரியர் மறைக்கவே இல்லை, நேராக முகத்துக்கு முன்னால் நீட்டுகிறார். நீட்டுவதாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்ததாலேயே தப்பான பக்கம் போனேன்.

துப்பறிபவர் கதையில் கிட்டத்தட்டப் பாதியில்தான் வருகிறார். பெண்ணின் சித்தப்பா கின்சோ தந்தி கொடுத்து வரவழைக்கும் கோசுகே கிண்டாய்ச்சி. இருபத்தைந்து வயதை ஒட்டிய பையன். கசங்கிய உடை, சீவாத தலை. யோசனை வந்தால் தலையைப் பரபரவென்று சொறிவார், பரபரப்பானால் திக்கும். அமெரிக்காவில் போதைப் பழக்கத்தில் கிடந்தவரை கின்சோதான் கைதூக்கிவிட்டுப் படிக்க வைத்தார். இந்தப் பெயரை யோகொமிசோ எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? வட ஜப்பானின் பழங்குடிகளான அய்னு மக்களின் மொழியை ஆராய்ந்த கிண்டாய்ச்சி கியோசுகே என்ற மொழியியல் அறிஞரிடமிருந்து. அந்தப் பெரியவர் தன் பெயர் ஒரு தலைசொறியும் துப்பறிவாளனுக்குப் போய் நாடு முழுக்கப் பிரபலமாகும் என்று நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

இந்த நாவல் எழுதப்பட்ட சூழலும் சுவாரசியம். யோகொமிசோ 1902இல் கோபேயில் பிறந்தவர். மருந்தியல் படித்தவர், பிறகு பத்திரிகை ஆசிரியர். போர்க்காலத்தில் துப்பறியும் கதைகளுக்கு ஜப்பானிய அரசு கெடுபிடி. மேற்கத்திய சரக்கு, உருப்படாத பொழுதுபோக்கு என்ற பார்வை. 1945இல் குண்டுவீச்சுக்குப் பயந்து டோக்கியோவை விட்டு ஒகயாமா பக்கத்து கிராமத்துக்குக் குடும்பத்தோடு போகிறார். போர் முடிந்த மறு வருஷம், 1946இல், ‘ஹோசெகி’ பத்திரிகையில் இதைத் தொடராக எழுதுகிறார். 1948இல் ஜப்பானியத் துப்பறியும் எழுத்தாளர் சங்கம் கொடுத்த முதல் விருது இதற்குத்தான். தோற்றுச் சாம்பலாகிக் கிடந்த நாட்டில், சோற்றுக்கே வழியில்லாத நேரத்தில், பூட்டிய அறைக்குள் கொலை செய்தது எப்படி என்று ஒருத்தர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார், அதை ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்திருக்கிறார்கள். இந்த வகைக் கதை வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லத் தோன்றும். சொன்னால் கேட்கவா போகிறார்கள்? 2019இல் லூயிஸ் ஹீல் கவாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிறகுதான் நம் கைக்கு வந்தது. எழுதி எழுபது வருஷத்துக்கு மேல் காத்திருந்த புத்தகம் என் அலமாரியில் நாலு வருஷம் காத்திருந்ததில் குற்ற உணர்வு கொஞ்சம் குறைகிறது.

இதை ஜப்பானில் ‘ஹொன்காகு’ என்கிறார்கள். அசல் பாணி என்று வைத்துக்கொள்ளலாம். துப்பறிபவர் பார்ப்பதை வாசகரும் பார்க்க வேண்டும், கடைசியில் வானத்திலிருந்து ஒரு தடயம் விழக்கூடாது. இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1929இலேயே இதற்குப் பத்துக் கட்டளை போட்டுவைத்தார். ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது என்பதுகூட அதில் உண்டு. ஒன்று இருந்தால் பாவம் இல்லையாம்.

நான் வளர்ந்தது வேறு பள்ளிக்கூடம். தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லால் டீ குடிப்பதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை எனக்கு முந்தையது. எனக்கு சுஜாதாவின் கணேஷ்-வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி. ரயில்வே ஸ்டேஷன் கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் மாத நாவலை வாங்கி, இறங்கும் ஊருக்குள் முடித்துவிட வேண்டும். அதில் வேகம்தான் ருசி, திருப்பத்துக்கு மேல் திருப்பம். அந்த ருசியைக் குறை சொல்ல மாட்டேன், இன்றைக்கும் கிடைத்தால் விடமாட்டேன். ஆனால் அங்கே நான் ஓடும் வண்டியில் உட்கார்ந்திருக்கும் பயணி, அவ்வளவுதான். இங்கே எதிரே உட்கார்ந்து சீட்டு ஆடுகிறவன். ஆசிரியர் தன் சீட்டை எல்லாம் மேசை மேல் கவிழ்க்காமல் திறந்தே வைத்திருக்கிறார், அப்படியும் தோற்கிறேன். தோற்றதில் இவ்வளவு சந்தோஷம் வருவது இந்த ஒரு ஆட்டத்தில்தான்.

கொலைகாரனைக் கண்டுபிடிப்பதுதான் இதில் இன்பம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. கண்டுபிடித்துவிட்டால் சப்பென்று ஆகிவிடும். சின்ன வயதில் வாடகை நூலகத்தில் எடுத்த ஒரு நாவலில், எட்டாம் பக்கத்தில் ஒரு பெயருக்கு அடிக்கோடு போட்டு ‘இவன்தான்’ என்று ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். அதையும் மீறி முழுதாகப் படித்தேன். கடைசியில் பார்த்தால் இவன் இல்லை! நாவலாசிரியரை விட அந்த முகம் தெரியாத மனிதர் என்னை நன்றாக ஏமாற்றினார். இன்றும் அவரை நினைத்துக்கொள்வேன்.

நாணயமாக ஏமாற்றுவது என்றால் என்ன என்பதற்கு இந்தப் புத்தகத்திலேயே ஒரு இடம் இருக்கிறது. கதையைச் சொல்பவர், போருக்காக அந்தக் கிராமத்துக்கு வந்து தங்கியிருக்கும் ஒரு துப்பறியும் எழுத்தாளர். முதல் அத்தியாயத்தில் அந்த வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சில வரிகள் சொல்கிறார். கடைசி அத்தியாயத்தில் அவரே அந்த வரிகளை எடுத்துவைத்து, இதில் எங்காவது பொய் சொன்னேனா என்கிற மாதிரி நிற்கிறார். இந்த வித்தையை அகதா கிறிஸ்டியிடம் கற்றதாகவும் ஒப்புக்கொள்கிறார். நான் ராத்திரி பன்னிரண்டே முக்காலுக்கு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போனேன். அந்த வரி அங்கேயே இருந்தது, நான் மதியம் கடந்துபோன அதே வரி. ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் வழக்கமாக வரும் இன்னொரு சொல் அங்கே இல்லை. அதை நானே என் மனதில் சேர்த்துப் படித்திருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை, நான்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஜப்பானிய மூலத்தில் செய்த இந்தச் சித்துவேலை ஆங்கிலத்திலும் நொண்டாமல் நிற்கிறது என்றால், மொழிபெயர்ப்பாளர் அந்த வரியோடு எத்தனை நாள் மல்லுக்கட்டினாரோ.

குறை இல்லாமல் இல்லை. கொலை நடந்த விதத்தை விளக்கும் பகுதி கொஞ்சம் சுற்றல். இரண்டு தடவை படித்து, பில் தாளில் இன்னொரு படம் போட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. நடைமுறையில் இதெல்லாம் முதல் தடவையிலேயே பிசகாமல் நடக்குமா என்று கேட்டால் பதில் இல்லை. கட்சுகோவைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் எழுதியிருக்கலாம். செத்துப்போன பெண் என்பதைத் தாண்டி அவளைத் தெரிந்துகொள்ள விடவில்லை. பதிலுக்கு, கடைசித் தங்கை சுசுகோவும் அவள் புதைத்த பூனையும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறார்கள். மூன்றாவது மகன் சபுரோவின் அறையில் துப்பறியும் நாவல்களாக அடுக்கிவைத்த ஒரு அலமாரி வருகிறது. அதன் முன்னால் நின்று கிண்டாய்ச்சி சொக்கிப்போகிற இடத்தில் எனக்கே கை பரபரத்தது. பூட்டிய அறைக் கதைகளில் எது உசத்தி என்று இரண்டு பேரும், வீட்டில் இழவு விழுந்திருக்கிறது என்பதை மறந்து, விவாதம் செய்கிறார்கள்.

அப்புறம், கொலைக்கான காரணம். அது என்ன என்று சொல்லக்கூடாது, சொல்லாமலும் இருக்க முடியவில்லை. படித்த நண்பர் ஒருவரிடம் போனில் பேசினேன். அவர் ‘நம்பவே முடியலை சார், இதுக்கெல்லாமா ஒரு கொலை’ என்றார். இணையத்தில் வெளிநாட்டு வாசகர்கள் எழுதியதிலும் இதே குறையைப் பார்த்தேன். எனக்கு அது தாராளமாக நம்ப முடிந்தது. படித்து முடித்து விளக்கை அணைத்த பிறகும் தூக்கம் வராததற்கு அதுதான் காரணம். பூட்டிய அறை, பனி, வாள், வாத்தியம் எல்லாம் ஜப்பான். அந்தக் காரணம் மட்டும் நம் தெருவிலிருந்து போனது மாதிரி இருந்தது.

என் அக்காவுக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்தக் கதை கிடைத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பாள். திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தவள் மேசையில் இந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “யாருடா கொன்னது?” என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். “சரி, குடு, நானே படிச்சுக்கறேன்” என்று பையில் போடப் போனாள். பிடுங்கி, கடைசி மூன்று அத்தியாயங்களைச் சேர்த்து இரண்டு ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக் கொடுத்தேன். சத்தியமும் வாங்கினேன்.

நேற்று ராத்திரி போன் செய்தாள். குரலிலேயே தெரிந்துவிட்டது.

“டேய், ரப்பர் பேண்ட் தானா அறுந்துபோச்சுடா.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்தான்.”