ஃபேன் நின்ற மூலை
கறிக்கூடத்தில் வேலை செய்பவர்களுக்குக் கையுறையும் பூட்ஸும் கொடுத்தால் நோய் அண்டாது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. கை சரி, மூச்சு? மதுரைப் பக்கம் ஒரு ஆடு அறுக்கும் கூடத்தில் ஆறு வருடம் குடல் அலசியவன் நான். வெக்கைக்காக ஒரு பெரிய ஃபேன் இருந்தது. அது நின்றது குடல் அலசும் மூலையில். காற்றெல்லாம் கறி வெட்டும் மேசைப் பக்கம். அப்புறம் ஹோஸை வேகமாகத் திறந்து தரையில் அடிப்போம். மூக்கில் சில்லென்று சாரல் ஏறும். சுகமாகக்கூட இருக்கும். கிருமியும் அதிலேயே மிதந்து வரும் என்று யார் சொன்னார்கள்?

எனக்கு வந்தது புருசெல்லோசிஸ், ஆடு மாடுகளிடமிருந்து மனிதனுக்குத் தொற்றும் ஒரு பாக்டீரியா காய்ச்சல். நோய் கண்ட சினையாட்டின் கருப்பையிலும் நஞ்சுக்கொடியிலும் அந்த பாக்டீரியா ஏராளம். கைக்காயம் வழியாக மட்டுமல்ல, மூச்சு வழியாகவும் நுழையும். சினையாட்டை அறுக்கக் கூடாது என்று மத்திய அரசின் 2001 அறுவைக்கூட விதியே இருக்கிறது. ஆனாலும் வந்துகொண்டுதான் இருந்தன. சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி சட்டை நனைய வேர்வை, இடுப்பு வலி. என்ன வேலை என்று எந்த டாக்டரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டைபாய்டு மாத்திரையிலேயே இரண்டு மாதம் போனது. கண்டுபிடித்த பிறகு ஆறு வாரம் வேறு மருந்து.

துணி மாஸ்க் இதற்குப் போதாது, நுண்துகளையும் வடிகட்டும் என்95 மாஸ்க் வேண்டும். அதற்கும் முன்னால், கழிவை வாரி எடுத்துவிட்டு மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். காற்று சுத்தமான பக்கமிருந்து அழுக்குப் பக்கம் போய் வெளியேற வேண்டும். எங்கள் ஃபேனை இடம் மாற்றி வைக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.