கல்வெட்டு எங்கே வைப்பது?

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் மில் ஆபீசுக்கு வருகிற ஆட்களே மாறிவிடுவார்கள். பஞ்சு புரோக்கரும் நூல் ஏஜென்டும் பின்னால் போக, பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், ஆஸ்பத்திரி மேனேஜர், ஏதோ ஒரு கிளப்பின் செயலாளர் என்று பெஞ்சு நிறைந்துவிடும். கோயில் கமிட்டிக்காரர்களும் வருவார்கள். பண்டிகைச் செலவுக்குச் சட்டத்தில் இடமில்லைங்க என்று வருஷா வருஷம் சொல்கிறேன், வருஷா வருஷம் டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். எல்லோருக்கும் தெரியும், 31ஆம் தேதிக்குள் சிஎஸ்ஆர் பணத்தை, அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்க வேண்டிய பணத்தை, செலவழித்தாக வேண்டும் என்று.

பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில் 22 வருஷமாகக் கணக்குப் பார்க்கிறேன். கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, "இதையும் நீங்களே பாருங்க" என்று அந்த ஃபைல் என் தலையில் வந்து விழுந்தது. நிகர லாபம் 5 கோடியைத் தொட்டாலோ, விற்றுமுதல் 1000 கோடியைத் தொட்டாலோ, நிகர மதிப்பு 500 கோடியைத் தொட்டாலோ, கடைசி மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகத்துக்குப் போக வேண்டும். நாங்கள் லாபக் கணக்கில் உள்ளே வந்தோம். அந்தப் பணம் தையல் மெஷினாகவும் ஆர்ஓ பிளான்ட்டாகவும் பள்ளிக்கூடப் பெஞ்சாகவும் போய்க்கொண்டிருந்தது. குறை சொல்லவில்லை. பெஞ்சு வேண்டும்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டரம்மா வந்தார். கோவைக்குப் பக்கத்தில், குழந்தைகளுக்கு வருகிற அரிய மரபணு நோய்களை ஆராய்கிற சின்ன அறக்கட்டளை. அவர் கேட்டது இரண்டு லேப் டெக்னீஷியன்களுக்கு மூன்று வருஷச் சம்பளமும், பரிசோதனைக் கிட் வாங்கக் கொஞ்சம் பணமும்.

முதலாளிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "சம்பளமுங்களா? அது மாசா மாசம் கரைஞ்சு போயிருமுங்களே. மெஷினாக் கேளுங்க, நாளைக்கே ஆர்டர் போடச் சொல்றேன். கல்வெட்டு எங்க வெக்கறதுன்னு மட்டும் சொல்லிப்போடுங்க" என்றார்.

"மெஷின் இருக்குதுங்க. வந்து பாருங்க" என்றார் அந்த அம்மா.

நான்தான் போனேன். ஏசி அறையில் வெள்ளைத் துணி போர்த்தி ஒரு மெஷின். துணியை விலக்கினால் முகப்பில் காய்ந்துபோன சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். திறப்பு விழாவில் கட்டிய சிவப்பு ரிப்பனில் ஒரு முழம் இன்னும் பின்பக்கம் தொங்கியது. வேறொரு கம்பெனி கொடுத்தது. சுவரில் அந்தக் கம்பெனியின் கல்வெட்டு, கிரானைட்டில் தங்க எழுத்து. மெஷினை ஓட்டத் தெரிந்த பையன் சம்பளம் போதாமல் பெங்களூர் போய்விட்டான். கிட் வாங்கக் காசில்லை. வாரன்டி முடிந்து ஏஎம்சி என்கிற வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் கட்டவில்லை. வருஷத்தில் எத்தனை நாள் ஓடியது என்று கேட்டேன். அந்த அம்மா விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.

திரும்பி வந்து முதலாளியிடம் இவ்வளவுதான் கேட்டேன்: "நம்ம மில்லுல புதுசா ரிங் ஃப்ரேம் இறக்கிட்டு, சைடரும் வேண்டாம், டாஃபரும் வேண்டாம்னு சொல்லுவமுங்களா?" ரிங் ஃப்ரேம் என்பது நூல் நூற்கிற மெஷின்; அறுந்த நூலை ஒட்டுகிறவர் சைடர், நிறைந்த நூல்கண்டைக் கழற்றுகிறவர் டாஃபர். முதலாளி சிரித்தார். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. சட்டத்தை எடுத்தார். "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

இந்த இடத்தில் மற்ற கம்பெனிகளில் ஃபைல் பார்க்கிற என் சகாக்களுக்காகக் கொஞ்சம் நிற்கிறேன். அந்த 5 சதவீதம் நம்முடைய செலவுக்கு. அதாவது கம்பெனி தன் சிஎஸ்ஆர் வேலையைப் பொதுவாக நிர்வகிக்க ஆகிற செலவுக்கு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகிற செலவு அதில் சேராது என்று 2021இல் திருத்திய விதியிலேயே இருக்கிறது. ஆராய்ச்சிதான் திட்டம் என்றால், ரத்த மாதிரியைக் கையில் எடுத்து வேலை செய்கிறவரின் சம்பளம் திட்டச் செலவு. இதை மாற்றிச் சொல்லியே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோமோ தெரியாது. நானும் அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் 31 சாக்கும் அப்படித்தான். தொடர் திட்டம் என்று போர்டு தீர்மானம் போட்டால், ஆரம்பித்த வருஷம் போக இன்னும் மூன்று வருஷம் வரை அதை நடத்தலாம். செலவாகாத பாக்கியை வருஷம் முடிந்து 30 நாளுக்குள் தனி பேங்க் கணக்கில் போட்டு வைத்து, அந்த மூன்று வருஷத்துக்குள் செலவழித்தால் போதும். ஆராய்ச்சிக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. நாம்தான் அதை விட்டுவிட்டு மார்ச் கடைசி வாரத்தில் வீல்சேர் தேடி அலைகிறோம்.

சரி, கடைசியில் முதலாளி பாதி மனசோடு ஒரு டெக்னீஷியன் சம்பளத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த அறக்கட்டளைக்கு எங்கள் மில் செய்த பெரிய உதவி அதுவல்ல என்பது என் எண்ணம்.

அங்கே மைனஸ் 80 டிகிரியில் ஒரு ஃப்ரீசர் உண்டு. பல வருஷமாகச் சேர்த்த ரத்தமும் டிஎன்ஏவும் அதில்தான். சின்னச் சின்னக் குப்பிகள், மேலே பேனாவில் எழுதிய எண்கள். அதில் சில குழந்தைகள் இன்று இல்லை. அந்த மாதிரியை மறுபடி எடுக்க வழியே கிடையாது. கரண்ட் போனால் ராத்திரி வாட்ச்மேன் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட வேண்டும், அவர் தூங்கிவிட்டால் முடிந்தது கதை. ஒருமுறை அப்படி ஆகி, விடிகாலையில் அந்த அம்மா சொந்தக் காரில் உலர் பனிக்கட்டி தேடி அலைந்திருக்கிறார்.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் எலெக்ட்ரீசியனிடம் சும்மாதான் சொன்னேன். 2012இல் கோவை, திருப்பூர் பக்கமெல்லாம் ஒரு நாளைக்குப் பாதிப் பொழுதுக்கு மேல் கரண்ட் இல்லாமல் மில்லை ஓட்டிய ஆள் அவர். மின்சாரம் ஒரு நொடி கண் சிமிட்டினால் ஆயிரக்கணக்கான கதிரில் நூல் அறுந்து நிற்பதைப் பார்த்தவர். "அட, நம்மகிட்ட கழட்டிப்போட்ட பேனல் ஒண்ணு சும்மாதானுங்கண்ணா கெடக்குது" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹெல்ப்பரைக் கூட்டிக்கொண்டு போய், கரண்ட் போனால் தானாக ஜெனரேட்டர் எடுத்துக்கொள்கிற மாதிரி இணைத்துவிட்டார். அப்புறம் ஃப்ரீசர் சூடேறினால் போனுக்கு மெசேஜ் வருகிற ஒரு சின்னப் பெட்டி. மெசேஜ் டாக்டரம்மாவுக்கும் போகும், இவருக்கும் போகும். மொத்தச் செலவைச் சொன்னால் முதலாளி கோபித்துக்கொள்வார். திறப்பு விழா மேடையும் சால்வையும் அதைவிட அதிகம்.

கம்பெனியிடம் பணத்தைத் தவிரவும் சரக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மெயின்டனன்ஸ் தெரிந்தவர்கள், கொள்முதலில் விலை பேசத் தெரிந்தவர்கள், ஆடிட்டுக்குக் கணக்கை ஒழுங்காக வைக்கத் தெரிந்தவர்கள். ஆராய்ச்சிக்காரர்களுக்கு இதெல்லாம் கைவராது. பெரும்பாலான கம்பெனிகள் இதை விட்டுவிட்டு மாரத்தான் நடத்தி டீசர்ட் கொடுக்கின்றன. டீசர்ட் தைக்கிற ஊர்க்காரனாக எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் தன் சரக்கை விளம்பரப்படுத்திக்கொள்ளச் செய்கிற ஸ்பான்சர்ஷிப் சிஎஸ்ஆர் கணக்கில் வராது என்பதும் அதே 2021 விதிதான்.

ஆராய்ச்சிக்கு மருந்துக் கம்பெனி பணம் போடட்டும், பனியன் கம்பெனிக்கும் நூல் மில்லுக்கும் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஓர் ஊசியின் கதை சொல்கிறேன். லிடோகெய்ன். பல் பிடுங்கும்போது ஈறு மரத்துப்போக டாக்டர் போடுகிற மருந்து. மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள், மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குச் சில நிமிடங்களுக்கு முன்னால் கட்டியைச் சுற்றி அதைப் போட்டுப் பார்த்தார்கள். இந்தியாவில் 11 மையங்கள், 1,600 பெண்கள், பத்து வருஷத்துக்கு மேல். 2023இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஊசி போட்ட பக்கம் 90.1 சதவீதம், போடாத பக்கம் 86.4 சதவீதம். யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்கிற பழைய மருந்து அது. லாபம் பார்க்கிற எந்த மருந்துக் கம்பெனி அதன் பின்னால் பத்து வருஷம் நடக்கும்? அந்த மருத்துவமனை இன்று மத்திய அரசின் அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிறது, ஆய்வு அரசுப் பணத்தில் நடந்தது. ஆனால் 1941இல் அதைத் திறந்து வைத்தது டாடா அறக்கட்டளைப் பணம். அதற்கும் முன்னால், 1931இல் மெஹர்பாய் டாடா ரத்தப் புற்றுநோயில் இறந்தபோது, கணவர் தோராப்ஜி அடுத்த வருஷமே அந்த நோயின் ஆராய்ச்சிக்கென்று மனைவி பெயரில் ஓர் அறக்கட்டளை வைத்தார். அந்த வருஷமே அவரும் போய்விட்டார். அது இன்றும் உலகம் முழுக்க ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர்களுக்குப் பணம் தருகிறது.

நம் ஊருக்கும் இது புதிதில்லை. 1926இல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நால்வரும் சொத்தை ஐந்தாகப் பிரித்து ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு எழுதிவைத்தார்கள். தர்மத்தை ஐந்தாவது பங்காளியாகவே சேர்த்துக்கொண்டார்கள். மார்ச் மாத அவசரத்தில் செய்த காரியம் அல்ல அது.

இனி எனக்கு நெருடுகிற விஷயம். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முதலாளி முகநூலில் இல்லை. அவர் மகன் இருக்கிறார், படிப்பார். படிக்கட்டும்.

பஞ்சுப் பொதியைப் பிரித்துத் தூசி தட்டுகிற எங்கள் புளோரூமில் ஒருவர் 19 வருஷமாக வேலை பார்க்கிறார். வார லீவு முடிந்து வருகிற அன்றைக்கு மட்டும் அவருக்கு நெஞ்சைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். மறுநாள் கொஞ்சம் தேவலை. "வெள்ளிக்கெழம வந்தா சரியாப் போயிருதுங்க சார்" என்பார். பஞ்சுத் தூசியால் நுரையீரலுக்கு வருகிற பிசினோசிஸ் என்ற நோயைப் பற்றி மருத்துவப் புத்தகங்களில் எழுதியிருப்பதும் ஏறக்குறைய இதே வாக்கியம்தான். முன்பிருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலேயே இருந்த நோய். அவருக்கு அதுதான் என்று நான் சொல்ல முடியாது, நான் டாக்டர் இல்லை. ஆனால் கொங்கு நாட்டில் இத்தனை மில்கள் இருக்கின்றன. எங்கோ இருக்கிற நோய்களுக்கெல்லாம் ஃபைல் போடுகிற நான், என் மாடிப்படிக்குக் கீழே இருப்பதற்கு இதுவரை ஃபைல் போடவில்லை.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. தூசி உண்டாக்குகிறவனே தூசி ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தால் முடிவு யார் பக்கம் வரும்? அமெரிக்காவில் சர்க்கரை ஆலைக்காரர்களின் அமைப்பு ஹார்வர்டு விஞ்ஞானிகளுக்குப் பணம் கொடுத்து, 1967இல் இதய நோய்ப் பழியைக் கொழுப்பின் மேல் தள்ளி எழுதவைத்தது. பணம் யார் கொடுத்தது என்று கட்டுரையில் இல்லை. அந்தக் காகிதங்கள் 2016இல்தான் வெளியே வந்தன. ஆகவே ஒரு மில் தனியாகக் கொடுக்கக் கூடாது. பத்து மில் சேர்ந்து, அரசு மருத்துவக் கல்லூரியையோ ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிறுவனத்தையோ வைத்து, முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவோம் என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஐசிஎம்ஆர் நிறுவனங்களுக்குக் கொடுப்பது சிஎஸ்ஆர் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் தொழிலாளியை வேலையைவிட்டு நிறுத்தமாட்டோம் என்பதும் அந்தக் காகிதத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எவன் வந்து "எனக்கு நெஞ்சு இறுக்குதுங்க" என்று சொல்வான்?

இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதிவிட்டேன். முதலாளி படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "நமக்கு எதிரா வந்துட்டா?"

"வந்தாலும் வெளிய போடணுமுங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் சொல்லவில்லை. கிழிக்கவும் இல்லை. அடுத்த போர்டு மீட்டிங் அஜெண்டாவில் மூன்றாவதாகப் போட்டிருக்கிறேன். முதல் இரண்டும் பஞ்சு விலை, பேங்க் லிமிட். அவை முடிவதற்குள் டீயும் முறுக்கும் உள்ளே போய்விடக் கூடாது என்று கேன்டீன் பையனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.