இன்டர்லூக்கின்-2க்கு வாய்த்த பெயர்

செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பச் சுரக்கும் புரதங்களான சைட்டோகைன்களை ‘அழற்சியைத் தூண்டுபவை’, ‘தணிப்பவை’ என இரு பத்திகளாகப் பிரித்துத் தரும் பாடநூல் வழக்கத்தின் மீது எனக்கு நெடுநாளாக மனத்தாங்கல் உண்டு. தேர்வு எழுத அது போதும். உடல் தன்னைத்தானே தாக்காமல் இருப்பது எப்படி என்று புரிந்துகொள்ள அது குறுக்கேதான் நிற்கிறது.

1976இல் கண்டறியப்பட்ட இன்டர்லூக்கின்-2 என்ற சைட்டோகைனுக்கு முதலில் வாய்த்த பெயரே ‘டி செல் வளர்ச்சிக் காரணி’. டி செல்கள் என்பவை நோயெதிர்ப்புப் பணியாற்றும் இரத்த வெள்ளணுக்கள். ஆய்வுக்கூடத்தில் அதைச் சேர்த்தால் டி செல்கள் பெருகின என்பதால், அது இல்லாவிட்டால் எதிர்ப்பாற்றல் குன்றும் என்று எதிர்பார்ப்பது இயல்புதான். ஆனால், அதன் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளைப் பற்றி 1993இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழப் பாதி எலிகள் 4 முதல் 9 வாரங்களுக்குள் இறந்தன. பிழைத்தவற்றின் பெருங்குடல் புண்ணாகிப்போனது. எதிர்ப்பாற்றல் குன்றுவதற்குப் பதிலாகக் கட்டுமீறியிருந்தது.

மற்ற எதிர்ப்புச் செல்களை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களை, அவற்றின் மேற்பரப்பிலுள்ள சிடி25 என்ற அடையாளத்தைக் கொண்டு 1995இல் ஜப்பானிய ஆய்வாளர் ஷிமோன் சாகாகுச்சி பிரித்துக் காட்டினார். அந்தச் சிடி25 வேறொன்றுமல்ல, இன்டர்லூக்கின்-2ஐப் பற்றிக்கொள்ளும் ஏற்பியின் ஓர் அங்கமே (2025இல் நோபல் பரிசு கிடைக்கும்வரை இச்செல்களைப் பற்றி வெளியே அதிகம் பேசப்படாதது வியப்புதான்). டி செல்கள் முதிரும் உறுப்பான தைமஸில் வளரும் டி செல் ஒன்று உடலின் சொந்தப் புரதத்தைச் சற்று வலுவாக இனங்கண்டுகொண்ட பிறகு, இன்டர்லூக்கின்-2இன் சமிக்ஞை செல்லுக்குள் செய்தி கடத்தும் ஸ்டாட்5 என்ற புரதம் வழியாகச் சென்று, அச்செல்லை ஒழுங்குபடுத்தும் செல்லாக்கும் ஃபாக்ஸ்பி3 மரபணுவை இயக்க உதவுகிறது. அந்த ஃபாக்ஸ்பி3யோ, அச்செல் தானே இன்டர்லூக்கின்-2ஐச் சுரக்கவிடாமல் தடுத்துவிடுகிறது. ஆகவே பக்கத்தில் கிளர்ந்தெழும் டி செல் சுரப்பதை உறிஞ்சித்தான் அது உயிர்வாழ வேண்டும். உறிஞ்சும்போதே அந்தக் கிளர்ந்த செல்லுக்குக் கிடைக்க வேண்டிய ஊட்டமும் குறைகிறது. கிளர்ச்சி மிகுந்தால் காவலும் மிகும் இந்த ஏற்பாடு எந்தப் பத்தியில் அடங்கும்?

டிஜிஎஃப்-பீட்டா என்ற இன்னொரு சைட்டோகைனும் அப்படித்தான். இன்டர்லூக்கின்-2உடன் சேர்ந்தால் இதுவரை எதையும் எதிர்கொள்ளாத டி செல்லை அது ஒழுங்குபடுத்தும் செல்லாக்கும்; இன்டர்லூக்கின்-6 உடனிருந்தால் அழற்சியை வளர்க்கும் டிஎச்17 செல்லாக்கிவிடும்.

மருத்துவத்தில் இது அளவு சார்ந்த சிக்கலாகிறது. 1992இல் சிறுநீரகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது உயர் அளவு இன்டர்லூக்கின்-2. தன்னுடல் தாக்கு நோய்களில் சோதிக்கப்படுவதோ மிகக் குறைந்த அளவு. சிடி25ஐ எப்போதும் ஏந்தியிருக்கும் ஒழுங்குபடுத்தும் செல்களே அந்தச் சிறு அளவை முதலில் பற்றிக்கொள்ளும் என்பதுதான் கணக்கு. ஆனால் கிளர்ந்த தாக்கும் செல்களும் சிறிது காலம் சிடி25ஐ ஏந்துகின்றன. அதனால்தான் அவற்றை விட்டுவிட்டு ஒழுங்குபடுத்தும் செல்களை மட்டும் சென்றடையும்படி அம்மூலக்கூறையே மாற்றியமைக்கும் முயற்சிகள் நடக்கின்றன.