மேலிடம் முகாமுக்குள் வரும்போது காணிக்காரர் ஏன் கேற்றுக்கு வெளியில்?

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன், ஜனாதிபதியோ பாதுகாப்பு அமைச்சின் பெரிய ஆட்களோ வன்னியில் இருக்கிற படைமுகாம்களுக்கு வருவதில் எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. வரத்தான் வேண்டும். அரசியலமைப்பின் 30ஆம் உறுப்புரைப்படி முப்படைகளுக்கும் தளபதி ஜனாதிபதிதான். தன்னுடைய படை எங்கே படுக்கிறது, என்ன சாப்பிடுகிறது, சண்டை முடிந்து இத்தனை வருசத்துக்குப் பிறகும் எதற்காக இங்கே இவ்வளவு பேர் நிற்கிறார்கள் என்று அவர் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? மொனராகலையிலிருந்தும் அனுராதபுரத்திலிருந்தும் வந்து வெய்யிலில் சென்றி நிற்கிற பெடியன்களுக்கும் அவரிடம் சொல்ல ஆயிரம் இருக்கும். 2018 மார்கழி வெள்ளத்தில் ஆமிக்காரர் வள்ளத்தோடு வந்து சனத்தை ஏற்றியதையும் நான் மறக்கவில்லை. அது வேறு, இது வேறு.

என்னுடைய சண்டை அந்த வருகையின் நிகழ்ச்சிநிரலோடுதான்.

பெரிய ஆள் வரப்போகிறார் என்றால் எங்களுக்கு யாரும் அறிவிக்கத் தேவையில்லை. ரோட்டுக்கரைப் புல்லு வெட்டுப்படும், மதகுகளுக்கு வெள்ளை அடிபடும், விடியவே மதகுக்கு ஒருவர் மரத்தடிக்கு ஒருவர் என்று ஆள் நிறுத்துவார்கள், பிறகு ஹெலி சத்தம். உள்ளே நடப்பது மறுநாள் படங்களில் வரும்: அணிவகுப்பு மரியாதை, வரைபடத்தைச் சுவரில் போட்டு ஒரு விளக்கம், மரக்கன்று நடுகை, குழுப்படம், சாப்பாடு, வருகையாளர் புத்தகத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்து. அவ்வளவுதான், ஹெலி கிளம்பிவிடும். (அந்த மரக்கன்றைப் பற்றி எனக்கு எப்பவும் ஒரு யோசனை ஓடும். நடுகிறவரின் பெயரும் பதவியும் போட்டுப் பலகையும் வைக்கிறார்களே, நாளைக்குக் காணியை விட்டால் அந்த மாமரம் காணிக்காரருக்கா, பலகையில் இருக்கிறவருக்கா?)

ஏனென்றால் இங்கே பல முகாம்கள் யாரோ ஒருவருடைய வளவு. முல்லைத்தீவில் இருக்கிற கேப்பாப்பிலவை எடுங்கள். சண்டையில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமை 2012 செப்ரெம்பரில் மூடினபோது கடைசியாக வெளியே எடுத்த சனம் அந்த ஊர்ச் சனம், ஆனால் அவர்களைக் கொண்டுபோய் இறக்கினது சொந்தக் காணியில் இல்லை, பக்கத்தில் ஒரு மாதிரிக் கிராமத்தில். ஊருக்குள் படைத் தலைமையகம். 2017 மார்ச் 1ஆம் திகதி கேற்றுக்கு முன்னால் குந்தினார்கள், அந்த வருசம் டிசம்பர் 28இல் 133 ஏக்கர் கிடைத்தது, மிச்சம் இன்னும் உள்ளே. பக்கத்துப் பிலக்குடியிருப்பில் விமானப்படையிடமிருந்து காணியை மீட்டதும் இப்படி வெய்யிலிலும் பனியிலும் ஒரு மாதம் ரோட்டில் கிடந்துதான். அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 2018 டிசம்பர் 31க்குள் பொதுமக்களின் காணிகளை விடச் சொல்லி உத்தரவே போட்டார். திகதி வந்தது, போனது.

என்னுடைய பெரியம்மாவின் வளவும் ஒரு முகாமுக்குள்தான், எந்த முகாம் என்பது இங்கே தேவையில்லை. காணி உறுதிப் பத்திரத்தை ஷொப்பிங் பையில் சுற்றி, அதை ஒரு பால்மாப் பேணிக்குள் வைத்திருக்கிறா. பஸ் அந்த வேலியைத் தாண்டுகிறபோது யன்னல் பக்கம் எட்டி, தண்ணீர்த் தாங்கிக்கு இடப்பக்கம் மூன்றாவது தென்னை எங்கட என்று பக்கத்தில் இருக்கிறவருக்குச் சொல்லாமல் விடமாட்டா, ஆள் தெரிந்தவரோ தெரியாதவரோ. காணியைப் பற்றிக் கேட்டுப் போகாத இடமில்லை. கேற்றில் நிற்கிறவர் அதிகாரியைக் கேட்கச் சொல்லுவார், அதிகாரி கொழும்பில் முடிவெடுக்க வேணும் என்பார், கிராம சேவகர் டிஎஸ் ஒஃபிசுக்கு, அதாவது பிரதேச செயலகத்துக்கு அனுப்புவார், அங்கே போனால் மாவட்டச் செயலகமான கச்சேரி, கச்சேரியில் பாதுகாப்பு அமைச்சு. எல்லாருடைய விரலும் கடைசியில் ஒரே ஆளைத்தான் காட்டுகிறது. சரி, அந்த ஆளே ஒருநாள் ஹெலியில் வந்து அதே வளவுக்குள் இறங்குகிறார், அண்டைக்குத்தான் பெரியம்மா ரோட்டுக்கரைக்கும் வரக்கூடாது என்று பொலிஸ் திருப்பி அனுப்புகிறது! இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது சொல்லுங்கோ.

இது இந்த அரசாங்கத்தில் தொடங்கின பழக்கமும் இல்லை. அப்போது ஜனாதிபதியாக இருந்த மகிந்த ராஜபக்ச 2009 ஏப்ரல் 16 அன்று கிளிநொச்சிக்கு வந்து படையினரைப் பார்த்துவிட்டுப் போனார். அப்போது கிளிநொச்சியில் ஒரு குடும்பம்கூட இல்லை, நாங்களெல்லாம் கடைசிச் சண்டை நடந்த புதுமாத்தளன் பக்கம் பங்கருக்குள். அதற்கு நாலு நாள் கழித்துத்தான் மண் அணையை உடைத்து ஆமி உள்ளே வந்தது. ஐநா செயலாளர் நாயகமாக இருந்த பான் கீ மூன் மே 23இல் வந்து மெனிக் பாமைப் பார்த்தார், சண்டை நடந்த கடற்கரையை ஹெலியில் இருந்து பார்த்தார். வன்னியை மேலே நின்று பார்ப்பதற்கு எல்லாருக்கும் நல்ல பழக்கம்.

அநுர குமார திசாநாயக்க கடந்த 2025 செப்ரெம்பர் 2ஆம் திகதி முல்லைத்தீவுக்கு வந்து வட்டுவாகல் பாலத்து வேலையைத் தொடக்கிவைத்தார். நல்ல விசயம், நானும் சந்தோசப்பட்டேன், அந்தப் பாலத்தால் மாரியில் போய்வந்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கோட்டபாய கடற்படைத் தளம் 617 ஏக்கரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. அதை நிரந்தரமாக எடுக்க நில அளவையாளர் வருவதும், சனம் வழிமறித்துத் திருப்பி அனுப்புவதும் 2017 தொடக்கம் எத்தனை தரம் நடந்துவிட்டது. அதே நாளில்தான் புதுக்குடியிருப்பில் வடக்குத் தெங்கு முக்கோணத்தையும் தொடக்கினார்கள். தேங்காய் விற்கிற விலையில் நல்ல திட்டம்தான், கன்று காய்க்க ஆறேழு வருசம் செல்லும், ஆனால் முகாம்களுக்குள் காய்த்துக்கொண்டு நிற்கிற தென்னைகளைச் சொந்தக்காரரிடம் கொடுக்க ஒரு கையெழுத்துத்தான் செல்லும்.

பாதுகாப்புக் காரணம் என்பார்கள். தேர்தல் நேரத்தில் கோயில் வீதியிலும் சந்தையிலும் சனத்துக்குள் புகுந்து கைகுலுக்குகிறபோது அந்தக் காரணம் எங்கே போய்விடுகிறது? 2024 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி ரணில் வவுனியாவுக்கு வந்தபோது காணாமல் ஆக்கப்பட்ட தன் சொந்தத்தைத் தேடுகிற ஒரு பெண்ணைத்தான் பிடித்துக்கொண்டுபோய் அடைத்தார்கள். அந்தப் பெண்ணால் அவருக்கு என்ன ஆபத்து வந்திருக்கும்?

நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. உள்ளே வரைபடம் போட்டு விளக்கம் சொல்லுகிறபோது, இந்த முகாம் எத்தனை ஏக்கர், அதில் உறுதிக்காணி எவ்வளவு, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பொமிற் காணி எவ்வளவு, எப்போது விடப்போகிறோம் என்று ஒரு பக்கம் அதிலும் இருக்கட்டும். அரசாங்க அதிபரும் அந்த அறைக்குள் இருக்கட்டும். சாப்பாட்டுக்கு முதல் அரை மணித்தியாலம் காணிக்காரர் பத்துப் பேரையாவது உள்ளே கூப்பிடட்டும், சோதனை போட்டு அனுப்புங்கோ, பெரியம்மாவின் பேணியையும் திறந்து பாருங்கோ. முகாமுக்குள் விட ஏலாதென்றால் கச்சேரி மண்டபத்தில் வையுங்கள், ஆனால் அந்த முகாமின் தளபதியும் வரவேணும், வரைபடமும் வரவேணும். கச்சேரி ஆட்களை மட்டும் அனுப்பி மனுக்களை வாங்கிக்கொண்டு, கவனத்தில் எடுத்திருக்கிறோம் என்று ஒரு அறிக்கை விடுவதென்றால் அந்தச் சிரமம் வேண்டாம், அதை நாங்கள் மகிந்த காலத்திலிருந்து வாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.