பக்கத்தில் உட்கார ஒரு ஆள்

பிளஸ் டூ பிள்ளைகள் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மேடையில் ஒருவர் பேசியதைப் பற்றி எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. "ரீல்ஸ் பார்க்கத் தெரியுது, ஸ்காலர்ஷிப் தேடத் தெரியாதா?" என்றார். மேடையில் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த பிளஸ் டூ பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

திட்டங்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறைய இருக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள்தான் இல்லை.

போன மே கடைசியில் ஒரு பையன் அம்மாவோடு வந்தான். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. ரிசல்ட் வந்த மறுநாளே ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்து, பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது கல்லூரியே நிரப்புகிற இடத்தில், சீட் உறுதி என்று 25,000 ரூபாய் முன்பணம் வாங்கிப் போயிருக்கிறார். கம்மலை அடகு வைத்த ரசீதை நாலாய் மடித்துப் பர்ஸில் வைத்திருந்தார் அந்த அம்மா. ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவனுக்கு உண்டு. கலந்தாய்வில் அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். 2021-லிருந்து பொறியியலுக்கும் இது இருக்கிறது. அந்த வீட்டுக்கு ஏஜென்ட் வந்தார், இந்தச் செய்தி வரவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து கலந்தாய்வுக்குப் பதிவு செய்தோம். அரை மணி நேர வேலை.

'பெற்றோர் பார்க்க வேண்டியதுதானே' என்பீர்கள். கட்டணச் சலுகைக்குக் கேட்கிற முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்ற பேரே என்ன சொல்கிறது? அந்த வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. அப்புறம் யாரிடம் கேட்கும் அந்தப் பிள்ளை?

'ஆசிரியர்கள் இல்லையா?' நியாயமான கேள்வி. பலர் செய்கிறார்கள். ஆனால் விண்ணப்பம் போடுகிற மே, ஜூனில் பிள்ளை பள்ளியை விட்டே போயிருக்கும்.

'ஊட்டிவிட்டால் சோம்பேறி ஆகிவிடுவார்கள்' என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பூக்கட்டிவிட்டுப் பள்ளிக்கு வருகிற பிள்ளையிடம் போய் அதைச் சொல்லுங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். 2006-இல் அப்பாவும் நானும் கல்விக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனோம். "சொத்துப் பத்திரம் இருக்கா?" என்றார் மேலாளர். அப்பா மஞ்சள் பையிலிருந்து என் மார்க் ஷீட்டை எடுத்து நீட்டினார். அவர் அதைத் தொடக்கூட இல்லை. 4 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை என்ற விதி அப்போதே இருந்தது. எங்களுக்குத் தெரியாது. பொறியியலை விட்டுவிட்டுப் பி.எஸ்சி. சேர்ந்தேன். தன்னிடம் நிலம் இல்லாததால்தான் என் படிப்பு போனது என்று அப்பா கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். விதி தெரிந்த ஒருவர் அன்றைக்கு எங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் போதும்.

முன்வரிசைப் பிள்ளைகளில் மூன்று பேர் கூட்டம் முடிந்ததும் என் எண்ணை வாங்கிப் போனார்கள். சனிக்கிழமை காலை வருகிறார்கள். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிப் புத்தகம் எல்லாம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மேடையில் பேசியவர் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அன்றைக்கு வந்து ஒரு பிள்ளைக்காவது விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கட்டும்.