கொலம்பஸ் எழுதியதும் நம் கைக்கு வந்ததும்

கொலம்பஸ் 1492இல் கரீபியன் தீவுகளில் கரையிறங்கிய மாதமான அக்டோபரில், அங்கிருந்த பூர்வகுடிகளைப் பற்றி அவர் நாட்குறிப்பில் எழுதிய இரண்டு வரிகள் ஆண்டுதோறும் பரவலாகப் பகிரப்படுகின்றன: இம்மக்கள் நல்ல பணியாளர்களாக இருப்பார்கள் என்பது ஒன்று, ஐம்பது பேரைக் கொண்டே இவர்கள் அனைவரையும் அடக்கிவிடலாம் என்பது மற்றொன்று. பகிர்வோரின் சினம் முற்றிலும் நியாயமானது. ஆயினும், கொலம்பஸ் தம் கையால் எழுதிய நாட்குறிப்பு இன்று உலகில் எங்கும் இல்லை என்பதை அப்பதிவுகள் சொல்வதில்லை.

1493இல் அரசி இசபெலாவிடம் அவர் ஒப்படைத்த மூலமும் அதிலிருந்து எடுக்கப்பட்ட பிரதியும் தொலைந்துபோயின. நம்மிடம் இருப்பது, அப்பிரதியைப் பார்த்துப் பார்தொலொமே தெ லாஸ் கசாஸ் என்னும் துறவி தயாரித்த சுருக்கம். 1825இல்தான் அது அச்சேறியது. தமக்கு உழைக்க ஒதுக்கப்பட்டிருந்த பூர்வகுடிகள் மீதான உரிமையை 1514இல் துறந்து, வாழ்நாள் முழுதும் அவர்களுக்காக வாதாடிய லாஸ் கசாஸ், பெரும்பகுதியைப் படர்க்கையில் சுருக்கி, தம் கருத்துகளை ஓரங்களில் குறித்துவைத்தார். சில பகுதிகளுக்கு மட்டும் இவை அட்மிரலின் (அதாவது கொலம்பஸின்) சொந்தச் சொற்கள் என்று அறிவித்துவிட்டு அப்படியே எடுத்தெழுதினார்.

பணியாளர் பற்றிய வரி அவ்வாறு அறிவிக்கப்பட்ட பகுதியில் வருகிறது. அதையும் லாஸ் கசாஸ் திரித்திருக்கலாமே என்று கொலம்பஸை வியப்போர் கேட்டால், 1493இலேயே பார்சிலோனாவில் அச்சான கொலம்பஸின் கடிதத்தை எடுத்துக் காட்டலாம். மன்னரும் அரசியும் ஆணையிடும் அளவுக்கு அடிமைகளைத் தரமுடியும் என்று அதில் அவர் எழுதியிருக்கிறார். லாஸ் கசாஸ் அப்போது சிறுவர். ஒரு பிரதி வந்த வழியை ஆராய்வது குற்றச்சாட்டை நீர்த்துப்போகச் செய்யும் என்று அஞ்சுவோரிடம் நான் இதைத்தான் சொல்வேன்: ஆராய்ந்த பிறகுதான் அக்குற்றச்சாட்டு மறுக்க முடியாததாகிறது. (அந்த பார்சிலோனா அச்சில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு படி, அது நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது.)

வென்றவர்களின் நிலையே இதுவென்றால், அழிக்கப்பட்டவர்களின் நிலை இன்னும் கொடியது. அத்தீவுகளின் பூர்வகுடிகளான டைனோ மக்களின் தெய்வங்களையும் தோற்றக் கதைகளையும் பற்றி, கொலம்பஸின் ஆணைப்படி அவர்களிடையே வாழ்ந்த ரமோன் பனே என்னும் துறவி எழுதிய குறிப்பின் ஸ்பானிய மூலமும் இல்லை. கொலம்பஸின் மகன் எழுதிய வரலாற்று நூலில் சேர்க்கப்பட்டு, 1571இல் வெனிஸில் வெளிவந்த இத்தாலிய வடிவமே முழுமையாக எஞ்சியிருக்கிறது. ஒரு மக்களின் சமயத்தைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி இத்தனை கைகள் மாறி வந்திருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

ஸ்பெயினின் செவியா நகரில் 1785இல் நிறுவப்பட்ட, அந்நாட்டின் காலனிகள் பற்றிய ஆவணங்களைக் கொண்ட இண்டீஸ் ஆவணக் காப்பகம் சுமார் 8 கோடிப் பக்கங்களைக் காத்துவருகிறது. அவற்றில் மின்னாக்கம் செய்யப்பட்டவற்றை வீட்டிலிருந்தே எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். இது பெரிய கொடை. ஆனால் இத்தகைய எழுத்துகளை இணையத்தில் தொகுப்போர் பலர் நூலின் பெயரையும் ஆண்டையும் மட்டும் தந்து நிறுத்திக்கொள்கிறார்கள். எழுதியவர் யார், படியெடுத்தவர் யார், எதைச் சுருக்கினார், மூலம் இருக்கிறதா என்ற விவரங்களை முதல் பக்கத்திலேயே, உரைக்கு மேலேயே, அவர்கள் தரவேண்டும்.